எந்தத் தூரத்தைப் பார்க்க இந்தக் கண்ணாடி?

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் வல்லம். அந்த வட்டாரத்து மண்ணில் கிடைத்த படிகக் கல்லைப் பட்டை தீட்டி நகையில் பதித்தார்கள். 'வல்லம் வைரம்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அதே கல்லை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி மூக்குக் கண்ணாடிக்கு வில்லை செய்யும் தொழிலும் தஞ்சைப் பக்கம் நடந்தது. ஆங்கிலேயர் காலத்து கெஜட்டியர்களிலும் அதற்கு இடம் உண்டு. 'கல் கண்ணாடி போட்டால் கண்ணுக்குக் குளிர்ச்சி' என்ற பேச்சை டெல்டா மாவட்டத்துப் பெரியவர்களிடம் இன்றும் கேட்கலாம்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. வல்லம் கல் குவார்ட்ஸ் வகைப் படிகம். கண்ணாடியைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால் தொட்டால் விரலுக்கு ஜில்லென்று இருக்கும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில் நிற்கும். ஆகவே வேட்டித் தலைப்பால் துடைத்தாலும் கல்லில் சுலபமாகக் கீறல் விழாது. ஆனால் வில்லை விழிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியே நிற்கிறது. அங்கிருந்துகொண்டு அது கண்ணைக் குளிர வைக்க வழியில்லை. இன்னொன்றும் உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை குவார்ட்ஸ் தடுக்காது, அப்படியே உள்ளே விட்டுவிடும். இன்று கடையில் கிடைக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்திவிடுகிறது.

கைவினைஞர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. குவார்ட்ஸ் வழியே சில திசைகளில் பார்த்தால் உருவம் இலேசாக இரட்டிக்கும். படிகத்தின் அச்சு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே அறுத்தால்தான் நல்ல வில்லை கிடைக்கும். அது சாமானிய வேலை அல்ல. கவனிக்க வேண்டியது, வில்லைக்கு ஒரு குணத்தைக் கூட்டிச் சொல்லி விற்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதைத்தான். அன்று குளிர்ச்சி, இன்று நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லும் 'புளூ கட்'.

காவிரிக் கரைக்கும் கண்ணாடிக்கும் உறவு நீண்டது. விஜயநகரத்து மத்வ குரு வியாசராயர் மூக்குக் கண்ணாடி வைத்து ஏடு படித்ததை சோமநாத கவி எழுதிய வடமொழிச் சரிதம் குறிப்பிடுகிறது. அந்த நிகழ்ச்சியின் காலத்தை 1520 அளவில் வைக்கிறார்கள். அவருடைய மாணவர் விஜயீந்திர தீர்த்தர் கும்பகோணத்தில் மடம் நடத்தியவர். அவரது பிருந்தாவனம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பின்னாளில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்தார். 1798 முதல் 1832 வரை ஆண்ட அவருடைய காலத்து நோயாளிக் குறிப்புகளும், நோய்ப்பட்ட கண்களை வரைந்த வண்ணப் படங்களும் சரசுவதி மகால் நூலகச் சேகரிப்பில் உள்ளன. நோயாளியை உட்காரவைத்துக் கேட்டு, பார்த்து, எழுதி வைக்கும் பழக்கம் இந்த மண்ணில் இருநூறு ஆண்டு பழையது.

இன்றைய கண்ணாடிக் கடைகள் பலவற்றில் குறைந்துபோயிருப்பது அந்தக் கேள்வி கேட்கும் பழக்கம்தான். கம்ப்யூட்டர் டெஸ்ட் முடிந்ததும் மேஜைமேல் ஒரு விலை அட்டை வருகிறது. சிங்கிள் விஷன், பைஃபோகல், ப்ரோகிரஸிவ். அதற்குக் கீழே ஹார்டு கோட், ஏ.ஆர்.சி., புளூ கட், போட்டோகுரோமிக், பக்கவாட்டில் 1.5, 1.56, 1.6, 1.67. 'எதைப் போடட்டும்?' என்று கேட்கிறார்கள். வாடிக்கையாளர் அட்டையின் நடுவில் இருக்கும் விலையைக் காட்டுகிறார். ரொம்ப மலிவும் வேண்டாம், ரொம்பச் செலவும் வேண்டாம் என்ற கணக்கு. கேட்கவேண்டிய முதல் கேள்வி அட்டையில் இல்லவே இல்லை: இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதைப் பார்க்கப் போகிறீர்கள், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

நாற்பது வயதை ஒட்டி வரும் வெள்ளெழுத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் இளமையில் நெகிழ்ந்து கொடுத்து, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாறி மாறிக் குவியும். வயதாக ஆக அது இறுகிவிடும். அறுபது வயதில் அந்த நெகிழ்ச்சி அனேகமாக மிஞ்சாது. அப்போது படிக்கக் கொடுக்கும் ப்ளஸ் பவர் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டுமே பொருந்தும். கணக்கு எளிது: ஒரு மீட்டரைப் பவரால் வகுத்தால் தூரம் வந்துவிடும். தூரப் பவர் இல்லாத ஒருவர் +2.50 போட்டால் 40 சென்டிமீட்டரில் தெளிவு. +1.50 என்றால் 67 சென்டிமீட்டர். +3.00 என்றால் 33.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே திருபுவனம். பட்டு நெசவுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். அங்கே தறியில் உட்காரும் அறுபது வயதுக்காரர் ஒருவர் கண்ணாடி வாங்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்தித்தாள் எழுத்தைக் காட்டிச் சோதித்து +2.50 கொடுத்துவிட்டால் கடையில் எல்லாம் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குப் போய்த் தறியில் உட்கார்ந்தால் பாவு மங்கும். இழை அறுந்த இடம் தெரியாது. அவர் குனிந்து குனிந்து பார்ப்பார், கழுத்து வலிக்கும், கடைசியில் 'பவர் தப்பாப் போட்டுட்டாங்க' என்பார். பவர் தப்பில்லை. தூரம் தப்பு. தறியில் அவருக்கும் இழைக்கும் இடையே அறுபது, அறுபத்தைந்து சென்டிமீட்டர் இருந்தால் அவருக்கு வேண்டியது +1.50 சுமார்.

சுவாமிமலை பக்கம் போனால் கதை தலைகீழ். மெழுகில் உருப்பிடித்து வார்த்த பஞ்சலோகத் திருமேனிக்கு ஸ்தபதி கடைசியில் விரல், நகம், ஆபரணம் என்று உளியால் நுணுக்கம் எடுக்கும்போது முகம் வேலைக்கு ஓர் அடித் தூரத்தில் இருக்கும். அவருக்கு +2.50 போதாது. ஒரே வயது, ஒரே மாதிரிக் கண், ஒரே மாவட்டம். ஆனால் இரண்டு பேருக்கும் இரண்டு கண்ணாடி. இதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் தேவையில்லை. "அண்ணே, தறியில உக்காந்தா இழை எவ்வளவு தூரத்துல இருக்கும்? கையை நீட்டிக் காட்டுங்க" என்று கேட்டு, ஓர் இஞ்ச் டேப்பால் அளந்தால் போதும். நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் இதைத்தான் செய்கிறார்.

சரியான தூரத்துக்குக் கொடுத்த சாதாரணக் கண்ணாடி என்ன செய்யும் என்பதை அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கிட்டத்தில் பார்ப்பதற்கான விலை குறைந்த கண்ணாடி முதலில் கொடுத்தார்கள். கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலையின் அளவு, கிடைக்காதவர்களோடு ஒப்பிட 21.7 சதவீதம் அதிகமாக உயர்ந்தது. 2018-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் அது வந்தது. வங்கதேசத்துக் கிராமங்களில் நடந்து 2024-இல் வெளியான இதே போன்ற ஆய்வில், படிக்கும் கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. இரண்டு இடத்திலும் கொடுத்தது புளூ கட்டும் இல்லை, ப்ரோகிரஸிவும் இல்லை.

அப்படியானால் பைஃபோகலும் ப்ரோகிரஸிவும் எதற்கு? தூரத்துக்கும் பவர், கிட்டத்துக்கும் பவர் இருப்பவர் இரண்டு கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறதே, அந்தத் தொல்லைக்கு விடை பைஃபோகல். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-இல் எழுதிய கடிதத்தில் இரட்டைக் கண்ணாடி தமக்கு எவ்வளவு பயன்படுகிறது என்று மகிழ்ந்து சொல்கிறார். மேலே தூரம், கீழே படிக்க, நடுவில் கோடு. நம் ஊர்க் கடைகளில் வட்டத் துண்டு வைத்த கிரிப்டாக், பிறை போல வைத்த 'டி' பைஃபோகல் இரண்டும் கிடைக்கின்றன. 'டி' வகையில் படிக்கும் பகுதி அகலம். கோடு பளிச்சென்று தெரியும். கிரிப்டாக்கில் கோடு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் மேல் ஓரத்தில் படிக்கும் இடம் குறுகும்.

பைஃபோகலில் இல்லாதது நடுத்தூரம். முகத்திலிருந்து முக்கால் மீட்டரில் இருக்கும் கணினித் திரை, கடை அலமாரி, பேருந்தின் டேஷ்போர்டு இவையெல்லாம் கோட்டுக்கு மேலும் சேராது, கீழும் சேராது. இந்தக் குறையை நிரப்ப பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் பெர்னார் மெத்தனாஸ் 1959-இல் 'வேரிலக்ஸ்' என்ற லென்ஸைக் கொண்டுவந்தார். மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறும், கோடு கிடையாது. ப்ரோகிரஸிவ் லென்ஸ்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி.

விளம்பரங்கள் அடக்கி வாசிக்கும் செய்தி ஒன்று உண்டு. பவரை இப்படிப் படிப்படியாக மாற்றினால் லென்ஸின் கீழ்ப்பகுதியில் இரண்டு ஓரங்களிலும் கலங்கல் வந்தே தீரும். இது தயாரிப்புக் குறை அல்ல, ஒளியியலின் விதி. விலை கூடின ப்ரோகிரஸிவில் கலங்கல் குறையும், ஓரமாகத் தள்ளப்படும், இல்லாமல் போகாது. ஆகவே ப்ரோகிரஸிவ் போட்டவர் கண்ணை மட்டும் பக்கவாட்டில் உருட்டாமல் தலையையும் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். ஓரிரண்டு வாரம் பிடிக்கும். இதை வாங்கும்போதே சொல்லிவிட்டால் மூன்றாம் நாள் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட மாட்டார்கள். பிரேமும் உயரம் குறைவாக இருக்கக் கூடாது. கருவிழிக்குக் கீழே பதினான்கு முதல் பதினெட்டு மில்லிமீட்டர் இடம் இல்லையென்றால் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுக் குப்பைக்குப் போய்விடும். காசு மட்டும் முழுசாகக் கொடுத்திருப்போம்.

வயதானவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. பைஃபோகலோ ப்ரோகிரஸிவோ போட்டுக்கொண்டு படி இறங்கும்போது கண் கீழ்ப்பகுதி வழியே பார்க்கிறது. அந்தப் பகுதி 40 சென்டிமீட்டருக்கானது. படியோ ஒன்றரை மீட்டர் கீழே இருக்கிறது. விளிம்பு மங்கும். இந்த வகைக் கண்ணாடி அணியும் முதியவர்கள் விழும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று ஆஸ்திரேலியாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. மகாமகக் குளத்துப் படியும் காவிரிப் படித்துறையும் கோயில் வாசற்படியும் நிறைந்த ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. எழுபதைத் தாண்டி, வெளியே நடமாடுகிறவருக்குத் தூரப் பவர் மட்டும் கொண்ட தனிக் கண்ணாடி ஒன்று இருப்பது நல்லது. விலையும் குறைவு.

அடுத்தது லென்ஸ் எதனால் ஆனது என்பது. கண்ணாடி லென்ஸ் தெளிவானது, பிளாஸ்டிக்கைப் போலச் சுலபமாகக் கீறாது. ஆனால் கனம், உடைந்தால் ஆபத்து. கடைகளில் 'பிளாஸ்டிக்' என்றோ 'ஃபைபர்' என்றோ சொல்வது பெரும்பாலும் சி.ஆர்.-39. அமெரிக்காவில் 1940-களில் பிறந்த இந்தப் பிளாஸ்டிக்கை முதலில் போர் விமானங்களின் எரிபொருள் தொட்டிக்குப் பயன்படுத்தினார்கள்; யுத்தம் முடிந்ததும் கண்ணாடிக்கு வந்தது. எடை கண்ணாடியில் ஏறக்குறைய பாதி. தெளிவில் கண்ணாடிக்குச் சளைத்ததல்ல. குறைந்த பவருக்கு இதைவிட வேறு தேவையே இல்லை என்பதைக் கடைக்காரர்கள் சொல்லத் தயங்குகிறார்கள்.

'சார், 1.67 போட்டா மெலிசா இருக்கும்' என்பதில் எவ்வளவு உண்மை? 1.5, 1.6, 1.67 என்பவை ஒளியை வளைக்கும் திறனின் எண்கள் (இன்டெக்ஸ்). எண் கூடக்கூட லென்ஸ் மெலியும். ஆனால் எவ்வளவு மெலியும் என்பது பவரையும் பிரேம் அளவையும் பொறுத்தது. 50 மில்லிமீட்டர் அகல வட்டப் பிரேமில் -2.00 லென்ஸ் என்றால், மையத்தைவிட ஓரம் சி.ஆர்.-39இல் சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிக்கும், 1.67இல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அதற்காக இரண்டு மூன்று மடங்கு விலை கொடுப்பது வீண். -6.00 ஆனால் பேச்சு மாறுகிறது: முறையே 3.75, 2.8. கண்ணுக்கே தெரியும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம்.

அந்த -6.00காரர் 50க்குப் பதில் 44 மில்லிமீட்டர் பிரேமைத் தேர்ந்தெடுத்தால்? சாதாரண சி.ஆர்.-39இலேயே ஓரத் தடிப்பு 2.9-க்கு இறங்கிவிடுகிறது. விலை உயர்ந்த லென்ஸ் செய்யும் வேலையைச் சின்ன பிரேம் இலவசமாகச் செய்கிறது. பெரிய பெரிய பிரேம் நாகரிகமாக இருக்கும் காலத்தில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்களா என்பது வேறு கதை. எண் கூடினால் ஒரு நஷ்டமும் உண்டு. அந்த லென்ஸ்கள் வெள்ளை ஒளியைக் கொஞ்சம் வானவில்லாகப் பிரிக்கும். பவர் அதிகமுள்ளவர்களுக்கு ஓரப் பார்வையில் எழுத்தின் விளிம்பில் மஞ்சள், நீலக் கசிவு தெரியலாம். பாலிகார்பனேட்டிலும் இந்தக் குறை உண்டு.

ஆனாலும் பாலிகார்பனேட்டுக்கு ஓர் இடத்தில் போட்டியே கிடையாது. அது நொறுங்காது. குழந்தைகளுக்கும், ஒற்றைக் கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கும், பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கும் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். டெல்டாவில் வயல்வேலைக்காரர்களையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது நியாயம். அறுவடையிலும் கதிரடிப்பிலும் தாளோ உமியோ கண்ணில் பட்டுக் கருவிழியில் கீறல் விழுந்து, அது பூஞ்சைப் புண்ணாக மாறுவது தமிழ்நாட்டுக் கண் மருத்துவர்களுக்குப் பழக்கமான சோகம். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பவர் தேவையில்லாவிட்டாலும் ஒரு வெற்றுப் பாலிகார்பனேட் கண்ணாடி அறுவடைக் காலத்தில் முகத்தில் இருந்தால் பல கண்கள் தப்பும்.

இனி கோட்டிங். ஒன்றுக்குக் காசு கொடுக்கலாம், இன்னொன்றுக்கு யோசிக்கலாம்.

காசு கொடுக்கத் தகுந்தது ஏ.ஆர்.சி. என்னும் எதிரொளி குறைக்கும் பூச்சு. எந்த லென்ஸும் தன் மேல் விழும் ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சாதாரணப் பிளாஸ்டிக்கில் இரண்டு பரப்பிலும் சேர்த்து எட்டு சதவீதம், 1.67இல் பன்னிரண்டைத் தொடும். இரவில் தஞ்சாவூர் சாலையில் எதிரே வரும் லாரி விளக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தெரிவது இதனால்தான். பூச்சு இருந்தால் அது வெகுவாகக் குறையும். பேருந்து ஓட்டுகிறவர்களுக்கும், இரவில் வண்டி ஓட்டிக் கடையிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கும் இது ஆடம்பரமல்ல. லென்ஸின் எண் கூடக்கூட இந்தப் பூச்சின் அவசியமும் கூடுகிறது.

பூச்சைப் பராமரிக்கத் தெரியாவிட்டால் ஆறு மாதத்தில் லென்ஸ் முழுக்கக் கோடு விழும். காய்ந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. தண்ணீரில் அலம்பி, பிறகு மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். நெற்றியிலிருந்து உதிரும் திருநீறும், வண்டிப் பயணத்தில் படியும் புழுதியும் துடைக்கும்போது உப்புத்தாள் வேலை செய்கின்றன. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கண்ணாடியை வைத்தால் பிளாஸ்டிக் விரியும், பூச்சு அந்த அளவு விரியாது. நுண்ணிய வெடிப்பு வலைபோல் பரவிவிடும். அதற்கு மருந்து கிடையாது.

யோசிக்க வேண்டியது புளூ கட். கடையில் நீலநிற லேசர் பேனாவை லென்ஸில் அடித்து, 'பாருங்க, மறுபக்கம் வரல' என்று காட்டுவார்கள். பார்க்க அசத்தலாக இருக்கும். அந்தப் பேனாவின் ஒளி பொதுவாக 405 நானோமீட்டர், ஊதாவை ஒட்டியது. செல்போன், கணினித் திரைகளின் நீலம் உச்சத்தில் இருப்பது 450-ஐ ஒட்டி. பேனாவை நிறுத்திய லென்ஸ் திரையின் நீலத்தில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். முழுவதும் நிறுத்தினால் உலகமே மஞ்சளாகத் தெரியும். யாரும் வாங்க மாட்டார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளைப் பரிசீலித்து 2023 ஆகஸ்டில் முடிவு சொன்னது: திரை பார்ப்பதால் வரும் கண் அயர்ச்சி, சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் புளூ கட்டினால் குறைவதற்கு ஆதாரம் இல்லை. வெறும் வானத்தின் கீழ் நிற்கும்போது கண்ணுக்கு வரும் நீல ஒளிக்கு முன்னால் செல்போன் ஒளி எம்மாத்திரம்?

திரையைப் பார்க்கும்போது கண் எரிவதற்கு முக்கியக் காரணம் நாம் இமைக்க மறப்பது. இரண்டாவது, திரையின் தூரத்துக்குப் பொருந்தாத பவர். மறுபடியும் அந்த இஞ்ச் டேப்!

வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸுக்கு நம் ஊரில் நல்ல மவுசு. 1960-களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் கண்ணாடியில் இதைக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக்கில் பரவியது 1990-களில். இரண்டு உண்மைகளைத் தெரிந்துகொண்டு வாங்கலாம். ஒன்று, இது கறுப்பது புற ஊதாக் கதிர் படுவதால். காரின் முன்கண்ணாடியும் ஹெல்மெட்டின் வைசரும் அந்தக் கதிரை வடிகட்டிவிடுவதால் உள்ளே இருக்கும் லென்ஸ் எதிர்பார்த்தபடி கறுக்காது. இரண்டு, வெப்பம் ஏற ஏற இதன் கருமை குறையும். ஊட்டியில் நன்றாகக் கறுப்பது சித்திரை வெயிலில் கும்பகோணத்தில் அவ்வளவு கறுக்காது. நடவு வயலில் தேங்கிய தண்ணீரிலிருந்து அடிக்கும் கூச்சத்துக்குப் போலராய்டு வகைக் கூலிங் கிளாஸ்தான் சரி. தள்ளுவண்டியில் விற்கும் கறுப்புக் கண்ணாடியில் புற ஊதாத் தடுப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. கறுப்பைப் பார்த்துக் கருவிழிப் பாவை விரியும். கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும்.

பள்ளிப் பிள்ளைகளின் கிட்டப்பார்வை தனிக் கவலை. தமிழக அரசு 2009-இல் தொடங்கிய 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கண் சோதனையும் இலவசக் கண்ணாடியும் கிடைக்கின்றன. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று பயந்து அதைப் பெட்டிக்குள் வைக்கும் பெற்றோர் பிள்ளையின் படிப்பைத்தான் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பவர் ஏறும் வேகத்தையே குறைக்கும் விசேஷ லென்ஸ்களும் வந்துவிட்டன. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு வகை, இரண்டு ஆண்டுச் சோதனையில் ஏற்றத்தைப் பாதியாகக் குறைத்தது. விலை கூடுதல், கண் மருத்துவர் சொன்னால் மட்டும் யோசிக்கலாம். வெயில் வெளிச்சத்தில் தினம் விளையாட விடுவதற்குச் செலவே இல்லை, பலனும் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்து ஃபிட்டிங் தவறினால் எல்லாம் பாழ். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒளி மையம் என்று ஒரு புள்ளி உண்டு. அது பாவைக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டு பாவைகளுக்கும் இடையிலான தூரத்தைத்தான் பி.டி. என்கிறார்கள். -6.00 லென்ஸின் மையம் மூன்று மில்லிமீட்டர் விலகினால் கிட்டத்தட்ட இரண்டு அலகுப் பட்டகம் கண்ணுக்கு முன்னால் வைத்ததற்குச் சமம். தலைவலியும் தலைசுற்றலும் வரும். குற்றம் பவர்மேல் விழும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் பவரும் சேர்ந்து ஆடும். அந்த நேரத்தில் சோதித்து வாங்கிய கண்ணாடி, சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் பொருந்தாமல் போகும். சில வாரம் பொறுத்துச் சோதிக்க வேண்டும். அதோடு, கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது கண் பரிசோதனை ஆகிவிடாது. விழித்திரையையும் கண் நீர் அழுத்தத்தையும் பார்ப்பது மருத்துவரின் வேலை.

கடைக்குப் போகும்போது பழைய கண்ணாடியையும், முடிந்தால் வேலை செய்யும் பொருளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தையல்காரர் துணியை, கணக்கர் பேரேட்டை. நாளில் அதிக நேரம் பார்ப்பது எந்தத் தூரம் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். ரசீதில் பவர், பி.டி., லென்ஸ் எதனால் ஆனது, இன்டெக்ஸ் எண், பூச்சின் பெயர் ஐந்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணாடி தயாரானதும் லென்சோமீட்டரில் வைத்துப் பவரைக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலைதான். பார்வைத் திருத்தக் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான்; பில்லில் அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.